தொப்பைக்கும் தாம்பத்தியத்துக்கும் என்ன சம்பந்தம்? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

பதிவு 1 | சத்துவாச்சாரி43

எல்லோருக்கும் வணக்கம். பெயர் போடாமல் எழுதலாம் என்பதால்தான் எழுதுகிறேன். வயது 43. ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் டீக்கும்தான் எழுந்திருப்பேன். உயரம் 170 செ.மீ., எடை 94 கிலோ. பிரஷர் மாத்திரை போடுகிறேன். சுகர் 'பார்டரில்' இருக்கிறது என்று போன வருஷம் சொன்னார்கள், அதன் பிறகு பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே விறைப்பு சரியாக வருவதில்லை. வந்தாலும் பாதியில் போய்விடுகிறது. ஆசை இல்லாமல் இல்லை, உடம்புதான் கேட்க மாட்டேன் என்கிறது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் தூங்கிய பிறகு உள்ளே போகலாம் என்று நான் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆபீஸில் ஒருவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜுக்கு மாசா மாசம் ஒரு வைத்தியர் வருகிறார், பார் என்கிறார். ஜிம்முக்குப் போகும் மச்சான், "டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டுக்கொள், பத்து வயசு குறையும்" என்கிறான். கிளினிக்கில் போய் மெதுவாக ஆரம்பித்தால், "வெயிட்டைக் குறைங்க சார்" என்று முடித்துவிடுகிறார்கள். மூட்டுவலிக்கும் அதைத்தான் சொன்னார்கள், நெஞ்செரிச்சலுக்கும் அதைத்தான் சொன்னார்கள். இதற்கும் எடைக்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா, இல்லை வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்களா?

பதிவு 2 | கோட்டை_மைதானம்

தம்பி, கேட்டதே பெரிய விஷயம். இதைக் கேட்க முடியாமலே அறுபதைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும். ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா? ஆபீஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

பதிவு 3 | சத்துவாச்சாரி43

முன்பெல்லாம் காலையில் இருக்கும். இப்போது எப்போதாவதுதான். மாடி ஏறினால் ரெண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

பதிவு 4 | வேலப்பாடி_டாக்டர்

பொது மருத்துவம் பார்க்கிறேன். ஆளைப் பார்க்காமல் இங்கே மருந்து எழுத மாட்டேன், காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

காலை விறைப்பைக் கேட்டது சரியான கேள்வி. மனசுதான் காரணம் என்றால் தூக்கத்தில் வருவது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதுவும் குறைந்துவிட்டால் ரத்தக்குழாயையோ நரம்பையோ ஹார்மோனையோ பார்க்க வேண்டும். இது கறாரான விதி இல்லை, துப்புதான்.

விறைப்பு என்பது பெரும்பாலும் ரத்த ஓட்டத்தின் வேலை. ஆசை வந்ததும் நரம்புகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிடும். அதனால் தசை தளர்ந்து குழாய் விரிகிறது, ரத்தம் உள்ளே பாய்கிறது. வெளியே போகும் சிரைகள் அழுத்தப்படுவதால் ரத்தம் அங்கேயே நிற்கிறது. இந்த நைட்ரிக் ஆக்ஸைடைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அதே வருஷம்தான் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையை முதலில் சோதித்துப் பார்த்தது நெஞ்சுவலிக்கு. இதயத்தையும் இதையும் ஒரே கதையாகப் பேசுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தொப்பை எங்கே வருகிறது? வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் சொல்பேச்சு கேட்காமல் போகிறது. சர்க்கரையும் பிரஷரும் ஏறுகின்றன. இவை எல்லாம் சேர்ந்து ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுத்துவிடும். கெட்ட சுவர் நைட்ரிக் ஆக்ஸைடைச் சரியாகச் சுரக்காது.

ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போவது 3 முதல் 4 மில்லிமீட்டர். சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்களுக்குத் தெரியும், உப்பு படிந்தால் முதலில் அடைபடுவது கடைசியில் இருக்கும் சின்னக் குழாய்தான், மெயின் பைப் அப்புறம்தான். நெஞ்சுவலி வருவதற்கு ரெண்டு மூன்று வருஷம் முன்பே, சில நேரம் ஐந்து வருஷம் முன்பே, விறைப்புக் கோளாறு தலைகாட்டுவது இதனால்தான். 43 வயதில் ஒருவர் இதைச் சொன்னால் நான் முதலில் யோசிப்பது அவர் நெஞ்சைத்தான், படுக்கையை அப்புறம்.

ஆகவே சத்துவாச்சாரி சார், இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி), கொழுப்பு, பிரஷர், ஈசிஜி. இவற்றோடு காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன்.

பதிவு 5 | லாரி_ஷெட்டு

டாக்டர் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் எங்க பெரியப்பா நல்ல தொப்பை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆம்பூர் பிரியாணி, ஏழு பிள்ளைகள். எங்கள் ஷெட்டில் ஒரு கிளீனர், காற்றடித்தால் பறந்துவிடுவான், அவனுக்குத்தான் இந்தப் பிரச்சினை. எடை எடை என்று சொல்கிறீர்களே, கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

பதிவு 6 | வேலப்பாடி_டாக்டர்

இடிக்கவில்லை. பிள்ளை பிறப்பதற்கு விந்தணு வேண்டும், விறைப்பு வேறு சமாசாரம். பெரியப்பாவுக்கு ஏழாவது பிள்ளை பிறக்கும்போது என்ன வயது? அதற்குப் பிறகு நிலைமை என்ன என்று நீங்கள் கேட்டிருக்கவும் மாட்டீர்கள், அவர் சொல்லியிருக்கவும் மாட்டார்.

கிளீனர் தம்பி பீடி குடிப்பாரா?

பதிவு 7 | லாரி_ஷெட்டு

ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு.

பதிவு 8 | வேலப்பாடி_டாக்டர்

பதில் அங்கேயே இருக்கிறது. புகை நேராகவே ரத்தக்குழாய்ச் சுவரைச் சுடுகிறது, அதற்குத் தொப்பை தேவையில்லை. அவருக்கும் சர்க்கரை பாருங்கள். நம் ஆட்களுக்கு ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு அளவுகோலையே தனியாக வைத்திருக்கிறார்கள். உலகக் கணக்குக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25-க்கு மேல் கூடுதல் எடை, 30-க்கு மேல் பருமன். நமக்கு 23-இலேயே கூடுதல், 25-இலேயே பருமன். சத்துவாச்சாரி சாருக்கு 32-ஐத் தாண்டுகிறது.

என்னைக் கேட்டால் எடை மெஷினைவிட அளவு நாடா நம்பகமானது. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. "என் பேண்ட் சைஸ் இருபது வருஷமாக 36 தான் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பேண்ட் மாறவில்லைதான், அது வயிற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது. பெல்ட் போடும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வையுங்கள். மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும், எக்கிக்கொண்டு இல்லை.

பதிவு 9 | காட்பாடி_ஜிம்

அண்ணா, நான் டிரெய்னர். ஊசி பற்றிச் சொன்னீர்களே, உங்கள் மச்சானிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால், போதுமான அளவு இருக்கிறது என்று நினைத்து மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்குச் சுத்தமாக நின்றே போகும். கையைப் பார்த்தால் 17 இஞ்ச் பைசெப்ஸ், கல்யாணமாகிக் குழந்தைக்காக டாக்டரிடம் அலைகிறான், அப்படி ஒரு பையன் எங்கள் ஜிம்மிலேயே இருக்கிறான். நிறுத்திய பிறகு திரும்பி வர மாதக்கணக்காகும். நிறுத்தின புதிதில் ஆசையும் இருக்காது, விறைப்பும் இருக்காது, அந்தப் பயத்தில் மறுபடி ஊசிக்கே போவார்கள்.

நிஜமான குறைபாடு என்று டாக்டர் பார்த்துச் சொல்லிப் போடுவது வேறு. பவுடர் டப்பா விற்கிறவன் சொல்லிப் போடுவது வேறு.

பதிவு 10 | தொட்டப்பாளையம்_லேப்

டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுக்க வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வருகிறார்கள். அந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏறக் குறையும், சாப்பாடும் குறைக்கும். காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் வாருங்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் வேண்டாம், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமலும் வேண்டாம். ஒரு தடவை குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுக்க வேண்டும். ரெண்டு தடவையும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் டாக்டர்கள் யோசிப்பார்கள். ஒரே ரிப்போர்ட்டை போட்டோ பிடித்து ஜிம் குரூப்பில் போட்டு "ஊசி போடலாமா" என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது.

பதிவு 11 | வேலப்பாடி_டாக்டர்

லேப்காரர் சொன்னதோடு இன்னொன்று. பருமனாக இருப்பவர்களுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் குறைவாகக் காட்டுவது சகஜம். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது, அது ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். ஹார்மோனைத் தூக்கிச் செல்லும் புரதமும் பருமனில் குறைகிறது. அது குறைந்தால் மொத்தக் கணக்கு கீழே தெரியும், உடம்புக்கு உபயோகமாகிற பகுதி அவ்வளவு குறைந்திருக்காது. எடை இறங்கினால் இந்த எண் பெரும்பாலானவர்களுக்குத் தானாக ஏறும். அதனால்தான் முதல் ரிப்போர்ட்டிலேயே ஊசிக்கு ஓட வேண்டாம் என்கிறோம்.

பதிவு 12 | பாகாயம்_புதுசு

டாக்டர், ஒரு சந்தேகம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குண்டானால் சின்னதாகிவிடுமா?

பதிவு 13 | வேலப்பாடி_டாக்டர்

ஆகாது. அடிவயிற்றில் கொழுப்பு மேடு போட்டு அடிப்பகுதியை மூடிவிடும், அதனால் குட்டையாகத் தெரியும். எடை குறைந்தால் மூடியிருந்தது வெளியே தெரியும். அவ்வளவுதான்.

பதிவு 14 | மருந்துக்கடை_அண்ணாச்சி

ஊர் நெல்லை, கடை இங்கே லாங்கு பஜார் பக்கம், வருஷம் ஓடிவிட்டது. நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இந்த விறைப்பு மாத்திரைக்கு வருகிற ஆள் நேராகக் கேட்க மாட்டார். முதலில் ஒரு தலைவலி மாத்திரை, அப்புறம் ஒரு சோப்பு. கடையில் பெண்கள் யாராவது நின்றால் போன் பேசுகிற மாதிரி தெருவைப் பார்ப்பார். எல்லோரும் போன பிறகு போனில் அட்டையின் படத்தைக் காட்டி, "இது இருக்கா?" டாக்டர் சீட்டு கேட்டால் அப்படியே நடையைக் கட்டிவிடுவார். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது, அடுத்த கடையில் கிடைத்துவிடுகிறது என்பதும் உண்மை.

சீட்டு ஏன் என்றால், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ரெண்டும் சேர்ந்தால் பிரஷர் தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. இன்னொரு சிக்கல், மாத்திரை போட்ட ராத்திரி நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். மறைக்காதீர்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், அதே வகையைச் சேர்ந்த டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் ஆகும்வரை நைட்ரேட் கொடுக்கக் கூடாது. டூட்டி டாக்டருக்குத் தெரிந்தால்தானே வேறு வழி பார்ப்பார்.

அப்புறம் ஒரு உள்ளூர் விசேஷம். "மாத்திரை வேலை செய்யலை, டூப்ளிகேட் கொடுத்துட்டீங்க" என்று சண்டைக்கு வந்தவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மட்டன் பிரியாணி, மேலே ரெண்டு மக்கன் பேடா. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்கு மேல் சில்டெனாஃபிலைப் போட்டால் ரத்தத்தில் ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தாமதமாகும். அவர் அதற்குள் தூங்கிப் போயிருக்கிறார்.

பதிவு 15 | லாரி_ஷெட்டு

அண்ணாச்சி, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. மக்கன் பேடாவை விட்டுக்கொடுக்க முடியாது, சொல்லிட்டேன்.

பதிவு 16 | குடியாத்தம்_தறி

எல்லோரும் எடை குறைந்தால் சரியாகும் என்கிறீர்கள். என் கதையையும் கேளுங்கள். வயது 56, சர்க்கரை வந்து வருஷம் பன்னிரண்டு. மகள் கல்யாணத்துக்குப் பிறகு உடம்பைப் பார்க்க ஆரம்பித்தேன். 14 கிலோ குறைத்தேன். மூன்று மாதச் சராசரி 9-இல் இருந்து 7-க்கு வந்தது. தறியில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் வலிக்கிறதில்லை. ராத்திரி நல்ல தூக்கம். ஆனால் எது திரும்பும் என்று நினைத்தேனோ அது முழுசாகத் திரும்பவில்லை. மாத்திரை போட்டால் பாதி பலன். பாதம் மரத்துப் போயிருக்கிறது, அந்த நரம்பு போலத்தான் இந்த நரம்பும் என்று டாக்டர் சொன்னார். குறைத்ததற்கு வருத்தமில்லை. ஆனால் இளைய தம்பிகளிடம் ஏதோ சாவி கொடுத்த மாதிரி சொல்லாதீர்கள்.

பதிவு 17 | வேலப்பாடி_டாக்டர்

ஐயா சொன்னதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படும் ஆய்வு 2004-இல் இத்தாலியிலிருந்து வந்தது. பருமனும் விறைப்புக் கோளாறும் உள்ள 110 ஆண்கள், 35 முதல் 55 வயது. பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி எல்லாம் சொல்லிக்கொடுத்து எடையில் 10 சதவீதமாவது குறைக்க வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவின் 55 பேரில் 17 பேருக்கு மருந்தில்லாமலே விறைப்பு இயல்புக்கு வந்திருந்தது. மற்ற பிரிவில் 3 பேருக்குத்தான். மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய பலன்தான், மூன்றில் ரெண்டு பங்குக்கு அப்படி நடக்கவில்லை என்பதும் அதே கணக்குதான். முக்கியமாக, அவர்கள் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது. நரம்பு பழுதாவதற்கு முன்பு தொடங்கியவர்கள்.

ஐயா, மாத்திரை பாதி வேலை செய்தால் அதோடு கதை முடியவில்லை. உறுப்பில் போடும் ஊசி, வாக்குவம் பம்ப், கடைசியாக உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட் எல்லாம் இருக்கின்றன. சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் கேட்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் முதலில் காட்டலாம்.

பதிவு 18 | காட்பாடி_அக்கா

நான் நர்ஸ். ஆண்கள் இழையில் வந்து எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன்.

சத்துவாச்சாரி தம்பி, நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே படுத்திருப்பவள் என்ன நினைப்பாள் தெரியுமா? "என்னைப் பிடிக்கவில்லை, எனக்கு வயசாகிவிட்டது, வேறு எங்கேயோ மனசு போய்விட்டது." இந்த மூன்றில் ஒன்று. ரத்தக்குழாய் என்று ஒருத்தியும் நினைக்க மாட்டாள். நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

குறட்டை விடுவீர்களா என்று அவளிடமே கேளுங்கள். குறட்டை நடுவில் மூச்சு நின்று, திணறி, திரும்ப ஆரம்பிக்கிறதா என்று மனைவிக்குத்தான் தெரியும். கழுத்து தடித்த, தொப்பை உள்ள ஆண்களிடம் இது நிறைய. ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் குறைந்தால் காலையில் ஹார்மோனும் குறையும், பிரஷரும் ஏறும். அதற்கு மாஸ்க் மெஷின் வைத்துச் சரியான பிறகு இந்தப் பிரச்சினையும் சிலருக்குக் குறைந்திருக்கிறது.

இன்னொன்று. இவர் 'டயட்' என்று முடிவெடுத்தால் அடுப்படியில் யாருக்கு வேலை கூடும்? அவருக்குத் தனியாகச் சப்பாத்தி, பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு, மாமியாருக்குக் கஞ்சி. பத்து நாளில் வீடே வெறுத்துப் போகும். வீட்டில் ஆக்குவதையே சாப்பிடுங்கள், அளவைக் குறைத்து, காயைக் கூட்டி. தட்டில் பாதி கீரையோ முள்ளு கத்தரிக்காயோ இருக்கட்டும். கத்தரிக்காயை எண்ணெயில் நீந்தவிடாமல் இருந்தால் சரி.

பதிவு 19 | கோட்டை_மைதானம்

அக்கா சொன்னதற்குக் கூட ஒன்று. கேழ்வரகுக் களி சாப்பிட்டால் இளைத்துவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. களி நல்லதுதான், நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் கேழ்வரகு 100 கிராமில் 320, 330 கலோரி, அரிசியில் 350 சொச்சம். பெரிய வித்தியாசமில்லை. ரெண்டு பெரிய உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் முக்கி விழுங்கிவிட்டு, "சிறுதானியம் சாப்பிட்டேன்" என்றால் உடம்பு ஏமாறாது. ஏர் ஓட்டிய தாத்தா சாப்பிட்ட அளவு, எக்செல் பார்க்கிற பேரனுக்கு எதற்கு?

ஒரு குவார்ட்டரில் மட்டும் 400 கலோரி பக்கம் இருக்கிறது. மிக்சர், ஆம்லெட் தனி. குடித்தால் ஆசை கூடும், காரியம் கெடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பதிவு 20 | சித்தா_பி.எஸ்.எம்.எஸ்

படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவன் என்ற முறையில், லாட்ஜ் வைத்தியரைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். தாம்பத்திய சக்தியைக் கூட்டுவேன் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷத்து மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அவர்கள் வியாபாரத்தின் முதலீடே பயம்தான். "சின்ன வயசுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது" என்று ஆரம்பிப்பார்கள். கைப்பழக்கத்தால் நரம்பு தளராது, விந்து வெளியேறினால் ரத்தம் வற்றாது. இதை நம்பிப் பயந்தே விறைப்பு போனவர்கள் என்னிடம் வருகிறார்கள், பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை.

அப்படி வாங்கிய லேகியம் ராத்திரியே 'வேலை செய்தால்' இன்னும் சந்தேகப்படுங்கள். மூலிகை என்ற பெயரில் விற்கும் பொருட்களில் சில்டெனாஃபிலைக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அண்ணாச்சி சொன்ன சார்பிட்ரேட் ஆபத்து அதற்கும் உண்டு, அதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல். அமுக்கரா, பூனைக்காலி எல்லாம் எங்கள் நூல்களில் உள்ளவைதான், சிலருக்கு உதவும். ஆனால் சர்க்கரையைப் பார்க்காமல், தொப்பையைக் குறைக்காமல் அமுக்கராச் சூரணம் மட்டும் தின்றுகொண்டிருந்தால் காசுதான் குறையும்.

பதிவு 21 | சத்துவாச்சாரி43

நடுவில் காணாமல் போனதற்கு மன்னிக்கவும், எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். டெஸ்ட் எடுத்துவிட்டேன். வெறும் வயிற்றில் 118, சராசரி 6.3. இடுப்பு, டாக்டர் சொன்ன இடத்தில் அளந்தால் 107 செ.மீ., என் பேண்ட்டோ 38! கெட்ட கொழுப்பு கூடுதல். டெஸ்டோஸ்டிரோன் காலை ஒன்பது மணிக்கு எடுத்தது 286, இன்னொரு தடவை 310. ஈசிஜி நார்மல், ஆனால் டிரெட்மில் டெஸ்டும் (நடக்கவைத்து நெஞ்சைப் பார்ப்பது) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை அட்டினோலால் என்று பார்த்ததும், அங்கே இருந்த டாக்டர், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வேறு மாத்திரை மாற்றினார். ஊசி இப்போது வேண்டாம், எடை குறைந்த பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார்.

அக்கா, வீட்டில் சொல்லிவிட்டேன். குறட்டையைக் கேட்டதும், "இப்பவாவது கேட்டீங்களே" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நான் நின்று நின்று மூச்சு விடுவதைப் பார்த்துப் பலமுறை உலுக்கி எழுப்பியிருக்கிறாளாம்.

இப்போது கேள்வி: எங்கே ஆரம்பிப்பது? நடையா, ஜிம்மா? எவ்வளவு?

பதிவு 22 | வேலப்பாடி_டாக்டர்

நல்ல வேளை, அட்டினோலாலை நீங்களாக நிறுத்தவில்லை. படிக்கிற மற்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நெஞ்சுக்கு ஆபத்து. குறட்டை விவரத்தையும் அவரிடம் சொல்லித் தூக்கப் பரிசோதனைக்குக் கேளுங்கள்.

டிரெட்மில் முடியும்வரை வேகம் வேண்டாம், மெதுநடை போதும். தாம்பத்திய உறவுக்குச் செலவாகும் உழைப்பு ரெண்டு மாடி விறுவிறுவென்று ஏறுவதற்குச் சமம். அதில் மூச்சு திணறினாலோ நெஞ்சு இறுக்கினாலோ அதை முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் கைப்பிடியைப் பிடித்து நின்றதாகச் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

பதிவு 23 | காட்பாடி_ஜிம்

டெஸ்ட் நார்மல் என்று வந்த பிறகு, அண்ணா: விறைப்புக்கு உதவிய உடற்பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு, தடவைக்கு 40 நிமிஷம், வாரத்துக்கு நாலு தடவை, ஆறு மாசம். பேச முடியணும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த வேகம். வேலூர் வெயிலில் மார்ச்சிலிருந்து ஆறு மணிக்கு முன்னால் கிளம்பினால்தான் உண்டு. கோட்டை மைதானம், நேதாஜி ஸ்டேடியம், எது பக்கமோ அங்கே. ஞாயிற்றுக்கிழமை ரத்தினகிரிப் படியோ வள்ளிமலைப் படியோ ஏறுங்கள், சாமியும் பார்த்த மாதிரி.

வாரத்தில் ரெண்டு நாள் எடைப் பயிற்சி. தொடை, முதுகு, மார்பு, பெரிய தசைகள். தசை கூடினால் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும். வயிற்றுக்கு மட்டும் நூறு தடவை எழுந்து படுத்தால் வயிற்றுக் கொழுப்பு கரையாது, கழுத்துதான் வலிக்கும். பட்டினியும் வேண்டாம். போட்டிக்காக எலும்பும் தோலுமாக இளைக்கிற பையன்களுக்கும் ஹார்மோன் படுத்துவிடும், ஆசையே இருக்காது.

பதிவு 24 | காட்பாடி_அக்கா

இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை விட்டுவிட்டீர்களே. பிரசவமான பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2005-இல் வெளியான ஆய்வில் விறைப்புக் கோளாறு உள்ள 55 ஆண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் 40 சதவீதம் பேருக்கு இயல்பு திரும்பியது, இன்னொரு 35 சதவீதத்துக்கு முன்னேற்றம்.

செய்வது இப்படி. காற்றுப் பிரிவதை அடக்க எந்தத் தசையை இழுப்பீர்களோ, அதை உள்ளே மேலே இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள், விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது, பிட்டத்தை இறுக்கக் கூடாது. சரியாகச் செய்கிறீர்களா என்று கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், உறுப்பின் அடி லேசாக உள்ளே இழுத்து விதை சற்று மேலே ஏறும். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம், ஒருத்தருக்கும் தெரியாது.

பதிவு 25 | லாரி_ஷெட்டு

இனிமேல் கணக்குப் பிரிவில் யார் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும். சரி, நம்ம கிளீனருக்கும் சுகர் பார்த்தோம், 240. டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். பீடிக் கட்டை அவன் முதலாளி, அதாவது நான், பிடுங்கி வைத்திருக்கிறேன்.

பதிவு 26 | சத்துவாச்சாரி43

டிரெட்மில் நல்லபடியாக முடிந்தது. நடையை ஆரம்பித்துவிட்டோம், அவளும் வருகிறாள். ஒரு கடைசிச் சந்தேகம்: பையனின் சைக்கிள் சும்மா நிற்கிறது. சைக்கிள் ஓட்டினால் இந்தப் பிரச்சினை கூடும் என்று யாரோ சொன்னார்கள். நிஜமா?

பதிவு 27 | காட்பாடி_ஜிம்

பயப்படாமல் ஓட்டுங்கள் அண்ணா. மணிக்கணக்கில், ஒல்லியான ரேஸ் சீட்டில் குனிந்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த இடத்து நரம்பும் ரத்தக்குழாயும் அழுந்தும். மரத்துப் போவதுதான் அடையாளம். அகலமான சீட்டாக மாற்றுங்கள், மூக்குப் பகுதியைக் கொஞ்சம் கீழே சாயுங்கள், ஹேண்டில்பாரை உயர்த்தி நிமிர்ந்து உட்காருங்கள், நடு நடுவே பெடலில் எழுந்து நில்லுங்கள். பையன் சைக்கிள் என்றால் சீட்டு உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். ஆபீஸுக்கு அதிலே போகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், ஹைவேயில் லாரி_ஷெட்டு அண்ணன் வண்டிகள் வரும்.